துணைத்தலைப்பு மாறிய பிற்பகல்

பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு அந்த இணையப் பக்கம் ஏறியது. நேரம் இவ்வளவு திட்டமாக நினைவிருக்கிறதென்றால், நான் அப்போது கைப்பேசியின் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹட்டனில் எங்கள் அலுவலகத்துக்குக் காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. மழை நாட்கணக்கில் பெய்து, பெய்து கெடுக்கும் மழையாகிவிட்டிருந்தது. திரையில் முதலில் எங்கள் இணையத்தளத்தின் பெயர் வந்தது. பிறகு என் வீடு இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் பெயரும், அதில் எங்கள் பகுதியான கீழ்ப் பிரிவு என்ற சொல்லும் வந்தன. அதன் பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாகத் தடித்த எழுத்தில் ஆறு துணைத்தலைப்புகள். நான்காவது இப்படி இருந்தது: "கோயில் பாதுகாப்பானதா?"

அதைத் தொட்டேன். தொட்டால் கீழே மடித்து வைத்திருக்கும் பத்தி விரிய வேண்டும். ஒரு சிறு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

எதிர் மேசையில் மிஸ்ஸும் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய திரையிலும் அதே வட்டம். "அண்ணே, இத யாரு போட்டது?" என்று கேட்டார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தணியும். அன்று மிகவும் தணிந்திருந்தது.

அவரை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். முன்பு தோட்டப் பாடசாலையில் கற்பித்தவர், அந்தப் பெயர் அவரோடு எங்கள் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. என்னைவிட வயதில் நன்றாக இளையவர், எனக்குப் பொறுப்பதிகாரி. தோட்டங்களில் இருப்பவர்கள் அரசாங்க அலுவலகங்களில் எந்தக் காரியத்தை எப்படிச் செய்வது என்று தமிழில் சொல்லும் சின்ன இணையத்தளம் எங்களுடையது. தலைமை அலுவலகம் கொழும்பில். ஹட்டனில் இருந்தது நாங்கள் இருவர்தான். நான் அதற்கு முன் பத்திரிகைக்குப் பிரதேசச் செய்தி எழுதியவன். நீளமாக எழுதிப் பழகிய கை. துணைத்தலைப்பு என்பது பத்திக்கும் பத்திக்கும் நடுவே கண் இளைப்பாறும் இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மிஸ்ஸுக்கு அது உயிர் போகிற விஷயம். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் பத்திகளையெல்லாம் கையால் மறைத்துவிட்டுத் துணைத்தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே உரக்கப் படிக்கச் சொல்வார். அதிலேயே காரியம் விளங்க வேண்டும். "பின்னணி", "அறிமுகம்", "ஏனைய விடயங்கள்" என்றெல்லாம் நான் எழுதினால், "இது என்னண்ணே, கதவுல 'கதவு'ன்னு எழுதி ஒட்டுன மாதிரி?" என்பார். ஒரு நாள் என்னை வீதியின் அந்தப் பக்கம் அனுப்பி, பஸ் இரைச்சலுக்கு மேலாக அன்றைய பக்கத்தின் துணைத்தலைப்புகளைக் கத்தச் சொன்னார். அவர் மாடி ஜன்னலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். "பிறப்புப் பதிவு இல்லையா? கிராம அலுவலரிடம் தொடங்குங்கள்" என்று நான் கத்த, ஒரு பெரியவர் கிட்டே வந்து லொத்தர் சீட்டு என்ன விலை என்று கேட்டார். மேலே மிஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. சிரித்து முடித்துவிட்டு, "ரெண்டாவது வரி கேக்கலண்ணே, வெட்டுங்க" என்றார்.

அவருடைய பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆட்கள் பக்கத்தை வாசிப்பதில்லை. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள். எங்கள் கீழ்ப் பிரிவையே எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் இருப்பது பள்ளத்தில். அங்கே சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். தொழிற்சங்கத்துத் தலைவர் பாறையில் ஏறி நின்று, திரையில் இருப்பதைக் கீழே இருப்பவர்களுக்குக் கத்திச் சொல்வார். பத்தியை யாரும் கத்த முடியாது. தடித்த எழுத்தில் இருப்பதைத்தான் கத்த முடியும். மிஸ் இப்படி ஒரு பாறைக்குக் கீழே உள்ள லயத்தில் பிறந்தவர். ஆகவே பக்கம் எழுதும்போதெல்லாம் அவர் மனதில் ஒரு ஆள் மழையில் நின்று கத்திக்கொண்டிருப்பார்.

அன்று காலையில் மகள் அழைத்திருந்தாள். பாடசாலையில் உயர்தரம் படிக்கிறவள். அவளும் முழங்கால் வலியால் நடக்கச் சிரமப்படும் என் அக்காவும்தான் வீட்டில் இருந்தார்கள். என் மனைவி வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்கிறாள். பாறையின் மேலிருந்து பேசினாள் மகள். "அப்பா, லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. வெரல் போற அளவுக்கு. எங்க போறதுன்னு உங்க பக்கத்துல வருமாமே? வந்தா பாத்துச் சொல்றேன்னு தலைவரு மாமா நிக்கிறாங்க." வரும், வந்ததும் அதன்படி செய்யுங்கள் என்றேன். அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு எத்தனை முறை அழைத்தும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாவட்ட அனர்த்தப் பிரிவிலிருந்து அறிவித்தல் வந்தது. எங்கள் பிரிவைப் பற்றி அதில் இருந்தது ஒரு நீண்ட வாக்கியம். கோயிலுக்குப் பின்புறமுள்ள மண்மேட்டில் விரிசல் காணப்பட்டுள்ளதால் அங்கு தங்குவதைத் தவிர்த்து, மேலேயுள்ள தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றது. எங்களிடம் மின்சாரம் இல்லாததால் பக்கத்தைக் கொழும்பில் தயாரித்து ஏற்றினார்கள். அந்த வாக்கியத்தைத்தான் மடித்து உள்ளே வைத்து, மேலே "கோயில் பாதுகாப்பானதா?" என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் பிரிவை அறிந்தவர்களுக்கு இதில் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பெருமழை என்றால் அங்கே எல்லாரும் போவது கோயிலுக்குத்தான். கொங்கிரீட் கூரை போட்ட மண்டபம் அங்கே மட்டும்தான் இருக்கிறது. திருவிழாவுக்குச் சமைக்கும் பெரிய பாத்திரங்களும் அங்கேதான். பாறையில் நிற்கும் தலைவர் திரையில் கோயில் என்ற சொல்லைப் பார்ப்பார். தொட்டுப் பார்ப்பார், வட்டம் சுற்றும். கீழே அத்தனை குடும்பங்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். மழையில் கேள்விக்குறியைக் கத்த முடியாது. கோயில் என்றுதான் கத்துவார்.

என் மகளும் அக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

மிஸ் கொழும்புக்கு அழைத்தார். அங்கே பக்கங்களை ஏற்றுகிற தம்பி எடுத்தான். நான் கேட்பதற்காக மிஸ் கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டினார்.

"தம்பி, அந்தக் கோயில் தலைப்ப யாரு வச்சது?"

"நான்தான் மிஸ். கேள்வியா இருந்தாத்தானே தொட்டுப் பாப்பாங்க."

"தொட்டாத் தொறக்குதா?"

"இங்க நல்லாத் தொறக்குதே மிஸ்."

"அங்க தொறக்கும். இங்க டவர் எல்லாம் பேட்டரியில உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்குது. ஏன் தம்பி, பெரட்டுல கணக்கப்பிள்ளை வந்து, இன்னைக்கு எந்த மலைன்னு நெனைக்கிறீங்கன்னு கேட்டுட்டுப் போவாரா?"

"பெரட்டுன்னா என்ன மிஸ்?"

மிஸ் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். "காலையில ஆளுங்களக் கூட்டி வேலை பிரிக்கிற எடம். அங்க மலை நம்பரச் சொல்லுவாங்க, வேலையச் சொல்லுவாங்க, அவ்வளவுதான். நான் இப்ப தலைப்ப மாத்தப் போறேன். நீங்க அத வெளிய விட்டுருங்க."

"சார் ஓகே சொல்லணுமே. சார் ஃபோன் எடுக்கிறாரில்ல."

எங்கள் இணையத்தளத்தில் யார் எதை மாற்றினாலும் கொழும்பில் ஒருவர் அனுமதித்த பிறகே வெளியே தெரியும். தவறு நேராமலிருக்க வைத்த ஏற்பாடு. அன்று அந்த ஏற்பாடுதான் என் மகளுக்கும் சரியான வார்த்தைக்கும் நடுவே நின்றது.

அலுவலகத்தில் இருந்தபடி எதுவும் செய்ய முடியவில்லை. மிஸ்ஸின் கைப்பேசியில் பேசத்தான் முடிந்தது, எழுதும் பக்கம் திறக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு அருகில் கணினி வாடகைக்கு விடும் ஒரு கொமியுனிகேஷன் கடையில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. குடை பிடிக்காமலே ஓடினோம். கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒரு கணினியை விட்டுக்கொடுத்தார். டீசல் தீரப்போகிறது, சீக்கிரம் என்று சிங்களத்தில் சொன்னார். மிஸ் தலையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துடைக்காமல் உட்கார்ந்து எழுதும் பக்கத்தைத் திறந்தார்.

நான் பின்னால் நின்று சொல்லத் தொடங்கினேன். கோயிலுக்குப் போகாதீர்கள், மண் சரியும் அபாயம் இருக்கிறது என்று போடச் சொன்னேன்.

"வேணாம்ணே."

"ஏன் மிஸ்? அதானே விஷயம்?"

"மழையில கத்துறப்ப பாதிச் சொல்லுதான் கீழ போய்ச் சேரும். கோயிலுன்னு காதுல விழுந்தா கால் தானா அங்க போயிரும். போகக் கூடாத எடத்தோட பேரையே எடுக்கக் கூடாது. போற எடத்த மட்டும் சொல்லணும்."

"அப்ப, ஏற்கனவே கோயிலுக்குப் போனவங்க?"

அவருடைய விரல்கள் நின்றுவிட்டன. அதை அவர் யோசித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அல்லது யோசித்து என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜெனரேட்டர் ஒரு முறை திணறி மறுபடி ஓடியது. "எல்லாரும்னு மொதல்ல போடுறேன்" என்றார். "எங்க நின்னாலும் அவுங்களும் அதுல வருவாங்க."

தொழிற்சாலை என்ற சொல்லையும் எடுத்தார். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஆறு துணைத்தலைப்புகளும் போய் மூன்று வந்தன. "எல்லாரும் உடனே ஸ்டோருக்கு ஏறுங்கள்." அதன் கீழே, "கைக்குழந்தை, நோயாளிகளை முதலில் தூக்குங்கள்." அதன் கீழே, "சாமான்களை விட்டுவிடுங்கள்." மடித்து வைக்க ஒரு பத்தியும் இல்லை. தொட்டுத் திறக்க எதுவும் இல்லை. நான் பத்திரிகையில் எழுதிய காலமெல்லாம் இவ்வளவு வெறுமையான பக்கத்தைப் பார்த்ததில்லை. அதற்குள் என் அக்காவின் முழங்காலும் மகளும் இருந்தார்கள்.

மிஸ் தம்பியை மறுபடி அழைத்தார். சார் இன்னும் கிடைக்கவில்லை என்றான். மிஸ் அவனைத் திட்டவில்லை. "தம்பி, என்கூட நிக்கிறாரே அண்ணன், அவரு பிள்ளை அந்தப் பிரிவுலதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். தொடர்பு போய்விட்டது என்று நினைத்தோம்.

பிறகு அவன் குரல் வந்தது. "சாருக்குப் பதிலா நானே அமுக்கிட்டேன் மிஸ். வேலை போச்சுண்டா உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன்."

"வாங்க தம்பி. ரொட்டியும் சம்பலும்தான்" என்றார் மிஸ். சற்று நேரத்தில் ஜெனரேட்டர் நின்றது.

அன்றிரவைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. மனைவி அழைத்தாள், பிள்ளை எங்கே என்று கேட்டாள், பத்திரமாக இருக்கிறாள் என்று தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். அது மட்டும் போதும்.

விடிந்ததும் மரக்கறி ஏற்றும் ஒரு லொறியில் இருவரும் தலவாக்கலை வரை போனோம். வரவேண்டாம் என்று மிஸ்ஸிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். தலவாக்கலையில் தேத்தண்ணிக் கடையில் நின்ற ஆட்கள் ஒவ்வொரு தோட்டமாகப் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தின் பெயர் வந்தது. "கீழ்ப் பிரிவுக் கோயில் போயிருச்சாம்" என்றார் ஒருவர். "மண்ணு வந்து மூடிருச்சாம். கோபுரத்து நுனிதான் தெரியுதாம்."

"உள்ள ஆளுங்க இருந்தாங்களா?" என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். என் குரலாக அது எனக்குத் தோன்றவில்லை.

"தெரியலைங்க. மழைன்னா அங்கதானே போவாங்க" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

அங்கிருந்து ஒரு முச்சக்கர வண்டி டயகம வீதியில் எங்களைப் போகக்கூடிய தூரம் கொண்டுபோய் விட்டது. அதற்கப்பால் வீதி இல்லை. தேயிலைச் செடிகளோடு ஒரு சரிவே இறங்கி வந்து வீதியில் படுத்திருந்தது. இருபக்கமும் ஆட்கள். இளைஞர்கள் கயிறு கட்டி, சரிவுக்கு மேலாகத் தேயிலைக்குள் ஒரு நடைபாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் பிரிவு ஆட்கள் யாரும் இல்லை. வருகிறவர்களிடம் கேட்டேன். மேலே பல இடங்களில் உடைந்திருக்கிறது, கீழ்ப் பிரிவைப் பற்றித் தெரியாது என்றார்கள்.

மிஸ் என் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். கையை மடியில் வைத்து விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். அவர் சொற்களை எண்ணுகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எல்லாரும்னு போட்டது போதாதுண்ணே" என்றார். "கோயில்ல இருக்கிறவங்க, நமக்கு இல்லைன்னு நெனச்சிருப்பாங்க. பேரு சொல்லியே கூப்பிட்டிருக்கணுமோ?" அந்த வரியை அவர் அங்கே உட்கார்ந்தும் திருத்திக்கொண்டிருந்தார். எந்தத் திருத்தமும் இனி எந்தப் பாறைக்கும் போய்ச் சேராது என்று இருவருக்கும் தெரியும்.

மிஸ் இப்போது எங்களோடு இல்லை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் இணையப் பக்கத்துக்கு எழுதுகிறார். சம்பளமும் கூடுதல். சில சமயம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அறைகள், குளிருக்குப் போர்வை, நானுஓயா ரயிலுக்கு வண்டி, எல்லாவற்றுக்கும் ஒரு வரி. துணைத்தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தாலே ஒருவர் போய்த் தங்கிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. அவர் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். பத்திகளைக் கையால் மறைத்துப் படிக்கிறேன். மழை கொஞ்சம் வலுத்தால் எழுதி முடித்த பக்கத்தையே மறுபடி மறுபடி திறக்கிறேன். வட்டம் சுற்றுகிறதா என்று பார்க்கிறேன். மகள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும்போதும் இது நிற்பதில்லை. டொக்டரிடம் போகச் சொல்கிறாள். போகவில்லை.

அன்று அந்த உடைந்த வீதியில் உச்சி வேளை தாண்டியபோது, சரிவுக்கு மேலே தேயிலைக்குள் ஒரு பெரிய கூட்டம் தெரிந்தது. கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவர் எங்கள் தலைவர். தொண்டை கட்டி, என்னைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினார். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு முகமும் தெரிந்த முகம், ஒவ்வொன்றும் நான் தேடிய முகம் இல்லை. மிஸ் எழுந்து நின்று என் சட்டையின் கையைப் பிடித்திருந்தார்.

வரிசையின் கடைசியில் இரண்டு பேர் என் அக்காவைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், செருப்பில்லாமல், முழங்கால்வரை சேறாக, மகள். கயிற்றைப் பிடித்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். அவளைத் தொட்டுப் பார்த்தேன். தோளில், தலையில், மறுபடி தோளில். அவள்தான் பேசினாள்.

"கோயில்லதான்பா இருந்தோம்" என்றாள். "கேள்வி மாதிரிப் போட்டிருக்கே, பதில் என்னான்னு பாக்கத் தலைவரு மாமா திரும்பவும் பாறைக்கு ஏறுனாரு. அங்கேருந்தே கத்துனாரு. எல்லாரும் ஸ்டோருக்கு ஏறுங்க, சாமான விடுங்கன்னு. எங்களையும்தான் சொல்றாருன்னு எந்திரிச்சுட்டோம். அத்தைக்குத்தான் மனசே வரல." மூச்சு வாங்கினாள். பசியில் அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல இருந்தது.

"கோயில் அடுப்புல சோறு அப்பத்தான்பா கொதிச்சுது."